கூழ் வாங்காத வீடும் கடம்பா வாங்காத வீடும்: ஹலால் முதல் ஒருசந்தி வரை

ஆடி மாதம் வந்துவிட்டால் எங்கள் ராயபுரம் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். வீட்டிலும் காய்ச்சிப் படைப்போம். எனக்குப் பத்து வயதிருக்கும். படையல் முடிந்ததும் அம்மா ஒரு தூக்கு நிறையக் கூழும் கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பும் கொடுத்து, அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். எதிர்வீட்டு பாயம்மா என் கன்னத்தைத் தடவி, “எங்களுக்கு வேணாம் கண்ணு, அம்மாவ தப்பா நினைச்சுக்க வேணாம்னு சொல்லு” என்றார். வெறுங்கையோடு அனுப்பாமல் இரண்டு வாழைப்பழமும் கொடுத்தார். மாடிவீட்டு அக்கா கத்தோலிக்கர். அவர் வாங்கி, நின்ற இடத்திலேயே குடித்தார். மூலைவீட்டு ஆன்ட்டி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். அவர் கை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: “படைச்சதா, படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்ததாம்மா?”

கேழ்வரகு, நொய், தயிர், வெங்காயம். கூழில் இவ்வளவுதான் இருக்கிறது. கறி இல்லை, சாராயம் இல்லை. அப்புறம் ஏன் மூன்று வீட்டில் மூன்று பதில்? அன்று எனக்குப் புரியவில்லை. அந்த மூன்று வீட்டாரிடமும், பின்னால் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகளிடமும் பாதிரியார்களிடமும் கேட்டும், வேதங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை, இது பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல இங்கே எழுதுகிறேன்.

ஒரு தட்டுச் சாப்பாட்டைப் பார்த்து மதம் நான்கு கேள்விகள் கேட்கலாம். இது என்ன? எப்படி இங்கே வந்தது? இன்றைக்கு என்ன நாள்? இது யாருக்குப் படைத்தது? இஸ்லாம் முதல் இரண்டு கேள்விகளில் கறாராக நிற்கிறது. கிறிஸ்தவம், ஒன்றிரண்டு சபைகளைத் தவிர, அந்த இரண்டையும் கிட்டத்தட்ட விட்டுவிட்டு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டது. நான்காவது கேள்வி இரண்டு மதத்துக்கும் பொது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் இஸ்லாம். ஹலால் என்றால் ஆகுமானது, ஹராம் என்றால் விலக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே மக்ரூஹ் என்று ஒன்று உண்டு. தவிர்ப்பது நல்லது என்ற நிலை. பலர் ஹலால் என்றாலே ஆட்டை அறுக்கும் முறை என்று மட்டும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீரையும் பருப்பும் தண்ணீரும்கூட ஹலால்தான். எதை விலக்கியிருக்கிறதோ அது தவிர எல்லாமே ஆகும் என்பதுதான் அடிப்படை. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 173 ஆம் வசனம் நான்கை விலக்குகிறது: தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பெயர் சொல்லி அறுக்கப்பட்டது. ஐந்தாம் அத்தியாயத்தில் இது இன்னும் விரிகிறது. கழுத்து நெரிபட்டும், அடிபட்டும், உயரத்திலிருந்து விழுந்தும், முட்டுப்பட்டும் செத்தவை கூடாது. போதை தருவதும் அதே அத்தியாயத்தில்தான் விலக்கப்படுகிறது. கோரைப்பல்லால் வேட்டையாடும் மிருகங்களையும் நகத்தால் பற்றும் பறவைகளையும் நபிமொழி விலக்குகிறது.

அறுக்கும் முறையைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துக் கோழிக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். கடைக்காரர் கோழியைப் பிடித்து, “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்” என்று சொல்லிக் கூர்மையான கத்தியால் கழுத்தை அறுப்பார். மூச்சுக்குழல், உணவுக்குழல், இருபக்க இரத்தக் குழாய்கள், இவை அறுபட வேண்டும். பிறகு டிரம்மில் போட்டு, துடிப்பு அடங்கி இரத்தம் வடியும்வரை காத்திருப்பார். துடிப்பு நிற்பதற்கு முன் சுடுதண்ணீரில் முக்கினால் அந்தக் கோழி அறுத்ததால் செத்ததா, வெந்நீரில் செத்ததா என்ற சந்தேகம் வந்துவிடும். அதனால்தான் அந்தக் காத்திருப்பு. கத்தியை மிருகத்தின் கண் முன்னால் தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்பதும் சட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஒழுக்கம். அவசரத்தில் எல்லாக் கடையிலும் இது நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் உயிரை எடுப்பவன் அதைக் கொடுத்தவனின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிற இந்த விதியை நான் மதிக்கிறேன். மாதத்துக்கு நாலு கிலோ கறி வாங்கும் எனக்கு, அது ஒரு உயிர் என்பது அந்தக் கடையில்தான் உறைத்தது.

இரத்தம் பற்றிய விதி வட சென்னைக்காரர்களுக்கு உடனே புரியும். நம் தெருக்களில் ஆட்டு ரத்தப் பொரியலுக்குத் தனிக் கூட்டம் உண்டு. முஸ்லிம் வீடுகளில் அது கிடையாது. குர்ஆன் விலக்குவது வழிந்தோடும் இரத்தத்தை. கறியில் ஒட்டியிருக்கும் சிவப்பு அதில் சேராது. அதேபோல ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) பார்க்க உறைந்த ரத்தம் மாதிரி இருந்தாலும் அவை ஆகும் என்று நபிமொழியிலேயே பெயர் சொல்லி அனுமதி இருக்கிறது. பாயம்மா வைக்கும் சுவரொட்டி வறுவலை நினைத்தால் இப்போதும் பசிக்கிறது.

அதே நபிமொழி, செத்தவற்றில் இரண்டு ஆகும் என்கிறது: மீனும் வெட்டுக்கிளியும். மீனை அறுக்க வேண்டியதில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் போகிற எதையும் ஒரு முஸ்லிம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? இங்கேதான் மத்ஹபு, அதாவது சட்டப்பள்ளி, குறுக்கே வருகிறது. தமிழ் முஸ்லிம்களில் ஹனஃபிகளும் உண்டு, ஷாஃபிகளும் உண்டு. கடற்கரை ஊர்களிலிருந்து மண்ணடிக்கு வந்தவர்களில் ஷாஃபிகள் அதிகம். ராவுத்தர்களும் உருது பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். கடலில் மீன் இனம் மட்டுமே ஆகும் என்பது ஹனஃபி நிலை. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, சுறா எல்லாம் சரி. கடம்பாவும் (கணவாய்) நண்டும் இல்லை. இறால் மீனா இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே ஆலிம்கள் வாதிட்டிருக்கிறார்கள். பல வீடுகளில் சாப்பிடுவார்கள், சில வீடுகளில் தொடமாட்டார்கள். ஷாஃபிகளுக்குக் கடலில் மட்டுமே வாழ்கிறவை பொதுவாக ஆகும், கடம்பா உட்பட. நண்டு மட்டும் அங்கேயும் சிக்கல். தரையிலும் நடக்கிறதே என்பதால் பழைய ஷாஃபி நூல்களில் சில அதை விலக்கியிருக்கின்றன, வேறு சிலர் ஆகும் என்கிறார்கள். ஆகவே முஸ்லிம் நண்பருக்கு நண்டுக் குழம்பு வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. “பாய் ஆச்சே, மீன் வகை எல்லாம் சாப்பிடுவார்” என்பது பாதி உண்மைதான்.

இந்த விதிகளில் வெளியே அதிகம் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. விலக்கப்பட்ட நான்கையும் சொல்லும் அதே 173 ஆம் வசனம், உயிர் பிழைக்க வேறு வழியில்லாதவர், விரும்பித் தேடாமலும் எல்லை மீறாமலும் அதைச் சாப்பிட்டால் குற்றமில்லை என்று முடிகிறது. தடை வந்த அதே மூச்சில் விதிவிலக்கும் வந்துவிடுகிறது. உணவு விதி என்றாலே மனிதனை நசுக்குவது என்று நினைக்கிறவர்கள் இந்த வசனத்தைக் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்றைய சிக்கல் கறிக்கடையைவிட பாக்கெட்டில்தான் அதிகம். ஜெல்லி மிட்டாயிலும் மாத்திரைக் கேப்சூலின் கூட்டிலும் ஜெலட்டின் இருக்கலாம். அது மாடு, பன்றி ஆகியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் பழங்களை ரம்மில் ஊறவைத்திருப்பார்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. அந்தப் புள்ளி சைவமா அசைவமா என்பதை மட்டுமே சொல்லும். மது இருக்கிறதா என்று சொல்லாது. வினிகரைப் பற்றிப் பயம் வேண்டாம். நல்ல தொடுகறி என்று நபிமொழியே அதைப் பாராட்டுகிறது.

இனி கிறிஸ்தவம். இதற்கு எங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். ராயபுரம் என்பது ராயப்பர் பெயரால் வந்த ஊர். ராயப்பர் என்பது இயேசுவின் சீடர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர். படகுக்காரர்கள் கட்டிய புனித ராயப்பர் ஆலயம் இன்றும் இங்கே இருக்கிறது. மீனவர்கள் தங்களைப் போல ஒரு மீனவரைப் பாதுகாவலராக வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களின் சாப்பாட்டு விதி தலைகீழாக மாறியதும் இதே ராயப்பர் கண்ட ஒரு காட்சியால்தான்.

பேதுரு ஒரு யூதர். யூதர்களின் வேதப் பகுதியான லேவியராகமம் பதினோராம் அதிகாரம், குளம்பு பிளந்து அசைபோடும் மிருகங்களை மட்டும் அனுமதிக்கிறது. அதனால் பன்றியும் ஒட்டகமும் முயலும் இல்லை. நீரில் வாழ்பவற்றுக்குத் துடுப்பும் செதிளும் இருக்க வேண்டும். அதனால் இறால், நண்டு, கடம்பா, கெளுத்தி எதுவும் இல்லை. இந்த விதிக்குள் வளர்ந்தவர் பேதுரு. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தில் அவர் யோப்பா பட்டணத்தில், கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோன் என்பவர் வீட்டில் தங்கியிருக்கிறார். நண்பகல், மொட்டை மாடி, கடும் பசி. வானத்திலிருந்து நான்கு முனைகளும் கட்டிய பெரிய துப்பட்டி ஒன்று இறங்குகிறது. அதில் எல்லா வகை மிருகங்களும் ஊர்வனவும் பறவைகளும் இருக்கின்றன. அடித்துச் சாப்பிடு என்று ஒரு குரல். தீட்டானது எதையும் நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லையே என்கிறார் பேதுரு. கடவுள் சுத்தமாக்கியதை நீ தீட்டு என்று எண்ணாதே என்று பதில் வருகிறது. மூன்று முறை இப்படி நடக்கிறது.

பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர் குழம்பி உட்கார்ந்திருக்கும்போதே கீழே வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரி அனுப்பிய ஆட்கள். யூதர் அல்லாதவரோடு ஒட்டி உறவாடக் கூடாது என்று வளர்ந்த பேதுரு, அவர்களை வீட்டுக்குள் அழைத்து, மறுநாள் செசரியாவுக்குப் போய், எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாதென்று கடவுள் எனக்குக் காட்டினார் என்கிறார். துப்பட்டியில் இறங்கியது மிருகங்கள். பேதுரு புரிந்துகொண்டது மனிதர்களைப் பற்றி. அதே பேதுரு பின்னர் அந்தியோக்கியாவில், யாரோ பார்த்துவிடுவார்களென்று பயந்து யூதர் அல்லாதவர்களின் பந்தியிலிருந்து விலகியதும், இன்னொரு அப்போஸ்தலரான பவுல் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்ததும் கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. ஒரு பழக்கம் மாற எத்தனை காலம் ஆகிறது என்பதை வேதம் மறைக்கவில்லை.

ஆனாலும் எல்லா விதியும் போய்விடவில்லை. கி.பி. 50 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், புதிதாகச் சேர்கிற யூதரல்லாதவர்கள் விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரிபட்டுச் செத்தது ஆகியவற்றையும் விபச்சாரத்தையும் விலக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். முதல் மூன்றையும் குர்ஆனின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம்! கத்தோலிக்கத் திருச்சபை, அது அந்தக் காலத்துக்கான ஏற்பாடு, இப்போது கட்டாயமில்லை என்று 1442 இல் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கத்தில் தெளிவாக்கியது. ஆனால் பல பெந்தெகொஸ்தே குடும்பங்கள் அதை இன்றும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. எங்கள் மூலைவீட்டில் ரத்தப் பொரியல் கிடையாது. கூழ் படைத்ததா என்ற கேள்வியும் இங்கிருந்துதான் வந்தது.

படைத்த உணவைப் பற்றிப் பவுல் எழுதியது இன்னும் நுட்பமானது. கொரிந்து பட்டணத்துச் சந்தையில் விற்ற இறைச்சியில் கோயிலில் பலியிட்டதும் கலந்திருந்தது. சந்தையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார் அவர். ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதீர்கள் என்கிறார். என் சாப்பாடு என் சகோதரனை இடறவைக்குமானால் நான் என்றைக்குமே இறைச்சி தின்னமாட்டேன் என்றும் எழுதுகிறார். இங்கே விதி பொருளை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போய்விட்டது. இஸ்லாத்திலும் இதற்கு இணையாக ஒன்று உண்டு. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா என்று தெரியவில்லையே என்று கேட்டபோது, நீங்கள் பெயர் சொல்லிச் சாப்பிடுங்கள் என்றார் நபி. தோண்டித் துருவிச் சந்தேகப்படாதே என்ற இந்தக் கருணை இரண்டு பக்கமும் இருக்கிறது.

குர்ஆனின் அந்த 173 ஆம் வசனம் நேரடியாகப் பேசுவது அறுப்பைப் பற்றித்தான். ஆனாலும் சாமிக்குப் படைத்த சைவ உணவையும் பல முஸ்லிம்கள் பேணுதலுக்காகத் தவிர்க்கிறார்கள். அம்மாவுக்கு இந்த வசனங்கள் எதுவும் தெரியாது. அடுத்த ஆடியில் படையல் போடுவதற்கு முன்பே இரண்டு தூக்குக் கூழ் தனியாக எடுத்து மூடி வைத்தார். இரண்டு வீட்டிலும் வாங்கிக்கொண்டார்கள்.

சபைக்குச் சபை வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் லேவியராகமத்தை இன்றும் பின்பற்றுகிறார்கள். பன்றி, இறால், நண்டு கிடையாது, பலர் முழுச் சைவம். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் போர்க் விந்தாலு இல்லாமல் இருக்காது. மதுவிலும் இதே கதை. கத்தோலிக்கப் பூசையில் திராட்சை மது இல்லாமல் நற்கருணை இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் அப்பம் பிட்கும்போது திராட்சைச் சாறுதான்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: என்ன நாள்? கத்தோலிக்கத் தமிழில் இதற்கு இரண்டு அழகான சொற்கள் உண்டு. ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் வயிறு நிறையச் சாப்பிடுவது; மற்ற இரு வேளையும் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்குவது. மீனும் முட்டையும் பாலும் ஆகும். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் அதன் முடிவில் வரும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள், 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும்வரை. 14 வயது நிறைந்தவர்களுக்கு அந்த இரண்டு நாளும், பெருவிழா நாள் தவிர ஆண்டின் எல்லா வெள்ளிகளும் சுத்தபோசனம்; அதற்குப் பதிலாக வேறு தவமுயற்சியை அந்தந்த நாட்டு ஆயர்கள் அனுமதிக்கலாம். சட்டம் இவ்வளவுதான் கேட்கிறது. நம்மூர் பக்தி அதோடு நிற்பதில்லை. தவக்காலம் முழுவதும் கறி எடுக்காத வீடுகள் ஏராளம். தென்னிந்தியத் திருச்சபையில் இதையே லெந்து என்பார்கள். அங்கே இது அவரவர் விருப்பம்.

ரம்ஜான் நோன்பு வேறு மாதிரி. எந்த உணவு என்பது கேள்வியே இல்லை. விடியற்காலை வெளுப்பதிலிருந்து சூரியன் மறையும்வரை தண்ணீர்கூட இல்லை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்துவிட்டால் பிரியாணியும் சாப்பிடலாம். நோயாளிகளும் பயணிகளும் விட்ட நாட்களைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வைக்கவே முடியாத முதியவர்கள் ஒரு நாளுக்கு ஒரு ஏழைக்கு உணவு கொடுப்பார்கள்.

சரி, இரண்டு வீட்டாரையும் விருந்துக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது? கறி எங்கே வாங்கியது என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கேட்கவைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம். ஹலால் கறியைச் சாப்பிடக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்குத் தடை இல்லை. தயங்குகிறவர்களும் உண்டு, அவர்களுக்குத் தனியாக ஒரு மீன் குழம்பு வைத்தால் போதும். பாத்திரம் பற்றியும் பயம் வேண்டாம். வேதக்காரர்களின், அதாவது யூதர், கிறிஸ்தவர்களின், பாத்திரத்தில் சாப்பிடலாமா என்று ஒரு தோழர் கேட்டபோது, வேறு கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு அதில் சாப்பிடுங்கள் என்று நபி சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. தெருவில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் இதைப் படிக்காமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

2025 இல் ரம்ஜான் நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியது. 5 ஆம் தேதி திருநீற்றுப் புதன். இரண்டு விரதமும் ஒன்றாக ஓடின. 7 ஆம் தேதி, தவக்காலத்தின் முதல் வெள்ளி, பாயம்மா வீட்டுப் பேரன் பள்ளிவாசலிலிருந்து ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். அக்கா மூடியைத் திறந்து வாசம் பிடித்துவிட்டு, “கறி போட்டதாப்பா?” என்று கேட்டார். கொத்துக்கறி போட்டதுதான். “இன்னைக்கு எங்களுக்குச் சுத்தபோசனம்டா கண்ணு. கீழ் வீட்டுல குடுத்துட்டு, நாளைக்கு மறக்காம எனக்கு எடுத்துட்டு வா” என்றார். அன்றைய கஞ்சி எங்கள் வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமைக் கஞ்சி மாடிக்குப் போனது.